சுருங்கிய நுரையீரலும் ஒரு சந்தேகக்கார அப்பாவும்

தியாகு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா கடிதம் எழுதுகிறாரே என்று உனக்குச் சிரிப்பு வரும். படித்து முடித்துவிட்டுச் சிரி. இந்த ஒரு மாதமாக நான் உன் நெஞ்சைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாய். உட்கார்ந்து கேட்க உனக்குப் பொறுமை இல்லை. அடுத்த வாரம் கல்யாணம். அது முடிந்த கையோடு நீயும் சரோஜாவும் குவீன்ஸ்டவுனில் கிடைத்திருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஏழாவது மாடி. லிப்ட் இருக்கிறது என்றாய். லிப்ட் பழுதானால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று உன் அம்மா என்னை முறைத்தாள். நீ வழக்கம்போலச் சட்டையை மாட்டிக்கொண்டாய். அதனால் இதை எழுதி உன் பெட்டியில் துணிகளுக்கு மேலே வைக்கிறேன்.

என்னைச் சந்தேகக்காரன் என்று நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் மறுத்ததே இல்லை. இத்தனை வருடமாகப் பேருந்தில் டிக்கெட் செக்கராக வேலை பார்க்கிறவன் வேறு எப்படி இருப்பான்? டிக்கெட் எடுத்தவன் என்னைப் பார்த்ததும் சட்டைப் பையைத் தடவுவான். எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். சிராங்கூன் ரோட்டில் அவனுக்கு அப்படி என்ன அதிசயம் தெரியப்போகிறது? முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறேன். கண்ணைக் கழற்றி எங்கே மாட்டுவது? இந்தக் கண்ணால் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். உன் நுரையீரல் இன்றைக்கு ஒழுங்காக இருப்பதற்கும் இதே கண்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

முதல் தடவை நடந்தபோது உனக்குப் பதினெட்டு வயது. நாம் அப்போது கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. காலை வேலை முடிந்து நான் மத்தியானம் வந்தபோது நீ மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாய். முதுகை நிமிர்த்தி, வலது கையை மடியில் வைத்து, ஏதோ பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி. முகம் வெளிறியிருந்தது. நன்றாக இருக்கிற ஒரு பையன் வெயில் நேரத்தில் வீட்டுக்குள் போகாமல் படியில் ஏன் உட்கார்ந்திருக்கிறான்? அந்தக் காலத்தில் தேக்கா மார்க்கெட்டைச் சுற்றிச் சண்டைக்காரக் கும்பல்கள் இருந்தன. மார்க்கெட் பின்னால் கத்திக்குத்து என்று அடிக்கடி காதில் விழும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“எவன் குத்துனான்?” என்றேன்.

“யாரும் குத்தலப்பா. உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. தோள்பட்டை வரைக்கும் இழுக்குது.”

“பேப்பர் படிச்சா நெஞ்சு குத்துமா? சட்டையைக் கழட்டு.”

படியிலேயே உன் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அதையும் நான் நம்பவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். உன் அம்மா மேலிருந்து, “வாயுவா இருக்கும், காலையில பழைய சாதம் தின்னான்” என்று பெருங்காயத்தைக் கரைத்துக்கொண்டு வந்தாள். நீ அதைக் குடிக்கும்போது ஒரு வாய் விழுங்கி, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு வாய் விழுங்கினாய். வாயு பிடித்தவன் தண்ணீர் குடிக்க மூச்சு வாங்க மாட்டான். டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை முழுக்கைச் சட்டை, ஞாயிறு என்றாலும் கதவைத் தட்டினால் திறப்பார். உன் நெஞ்சின் இடது பக்கத்தைத் தட்டினார், வலது பக்கத்தைத் தட்டினார். குழாயை வைத்துக் கேட்டார். மறுபடி வலது பக்கமே வந்து கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்த பிறகு அவரே அதை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். இடது பக்கம் முழுக்க நரம்பு நரம்பாக, மரத்தின் கிளைகள் மாதிரி தெரிந்தது. வலது பக்கத்தில் அந்தக் கிளைகள் பாதியிலேயே நின்றுவிட்டன. அதற்கு வெளியே ஒன்றுமில்லாத கறுப்பு.

“இது காத்து. நுரையீரலுக்குள்ள இருக்க வேண்டிய காத்து, ஒரு சின்ன ஓட்டையால வெளிய வந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் இடையில நிக்குது. அது அழுத்துறதால நுரையீரல் சுருங்கிப் போச்சுது” என்றார்.

“ஓட்டை எப்படி வந்துச்சு டாக்டர்? அடிபட்டாத்தானே ஓட்டை விழும்?”

“ஒருத்தரும் அடிக்கேல்லை. இப்பிடி நெட்டையா, மெல்லிசா இருக்கிற பொடியன்கள் சில பேருக்கு நுரையீரலின்ர உச்சியில சின்னக் கொப்புளம் மாதிரி இருக்கும். ஒருநாள் அது வெடிக்கும். ஓடேக்கையும் வெடிக்கலாம், சும்மா இருக்கேக்கையும் வெடிக்கலாம்.”

நீ பேப்பர் படித்தது உண்மைதான் என்று அப்போது தெரிந்தது. ஆனால் “காத்து” என்ற சொல் என் மனதில் வேறு எங்கோ போய் மாட்டிக்கொண்டது. எங்கள் டிப்போவில் மணியம் என்று ஒரு டிரைவர் இருந்தார். அவருக்குக் காசநோய். அந்த நாளில் காசநோய்க்கு மருந்து மாத்திரையோடு இன்னொரு வைத்தியமும் உண்டு. விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசியைச் செலுத்திக் காற்றை ஏற்றி, நோய் பிடித்த நுரையீரலை வேண்டுமென்றே சுருக்கிவிடுவார்கள். சுருங்கிக் கிடந்தால் அதற்கு ஓய்வு, புண் ஆறும் என்று கணக்கு. மணியம் அதற்காக அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். “என் நெஞ்சுல காத்து அடைச்சிருக்கான் அண்ணே, டயர் மாதிரி” என்று சிரிப்பார். உன் நெஞ்சிலும் காற்று என்று டாக்டர் சொன்னதும் எனக்கு ஒரே முடிவுதான். உனக்குக் காசநோய் வந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாமல் நீ எங்கோ போய் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாய். டாக்டருக்கும் தெரியும், என்னிடம் மறைக்கிறார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் படுக்கவைத்து, ஊசியால் அந்தக் காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் குனிந்து கேட்டேன். “உண்மையைச் சொல்லு. எத்தனை நாளா டிபி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற?” நீ சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் விலாவைப் பிடித்துக்கொண்டாய். “அப்பா, ப்ளீஸ் லா, சிரிக்க வைக்காதீங்க” என்றாய். சளியைச் சோதித்தார்கள், காசநோய் இல்லை என்றார்கள். மறுபடி சோதிக்கச் சொன்னேன். மறுபடியும் இல்லை. அது போதாமல் அந்த எக்ஸ்ரே படத்தை உருட்டி எடுத்துக்கொண்டு தஞ்சோங் பகாரில் ஒரு சீன டாக்டரிடம் போனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இதுல டிபி இல்ல. பையன் ஒல்லியா, உயரமா இருப்பானா?” என்று கேட்டார். உன்னைப் பார்க்காமலே கேட்டார். இருவரும் ஒரே காலேஜில் படித்தவர்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதற்குப் பிறகு காசநோய் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

நான் விட்டாலும் ஊர் விடவில்லை. நீ வீடு திரும்பிய மறுநாளே வீட்டுக்கார அம்மா பின்கட்டுக் குழாயடியில் நம் பக்கெட்டைத் தனியாக நகர்த்திவைத்தாள். மாடிப்படியில் ஆஸ்பத்திரி மருந்து வாசனை வீசும் தண்ணீரைத் தெளித்தாள். உன் அம்மா கேட்டதற்கு, “எறும்புக்கு ஊத்துனேன்” என்றாள். எறும்பு நீ ஏறி இறங்கும் படியில் மட்டும்தான் வருமா? அடுத்த மாதமே நாம் ஓவன் ரோட்டுக்குக் குடிமாறினோம். வீடு மாறியது உன் படிப்புக்காக என்று உன்னிடம் சொன்னேன். நீயும் நம்பினாய்.

டாக்டர் உன்னை அனுப்பும்போது மூன்று நான்கு விஷயம் சொன்னார். இது திரும்பி வரக்கூடிய கோளாறு. ஒரு தடவை வந்தவர்களில் பல பேருக்கு மறுபடி வரும், அதுவும் அதே பக்கத்தில். கடலில் முங்கி நீந்தவே கூடாது. ஆழத்தில் இருக்கும்போது நுரையீரல் வெடித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விமானத்தில் ஏறுவது என்றால் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. மேலே போகப்போக நெஞ்சில் தேங்கிய காற்று விரியும். எல்லாவற்றுக்கும் மேலே, சிகரெட். “பிடிக்கிறனியோ?” என்று அவர் கேட்டார். நீ அவர் மேசையின் ஓரத்தில் இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “இல்ல டாக்டர்” என்றாய். ஜன்னலைப் பார்க்கிறவனை எனக்குத் தெரியாதா? உன் விரல் நுனியில் மஞ்சள் இருந்தது. டாக்டர் முன்னால் உன்னை அவமானப்படுத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உன்னைப் பின்தொடர்ந்தேன். இதை நீ இன்னமும் மன்னிக்கவில்லை. நானும் இன்னமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு நீ போய்வந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு சனிக்கிழமை நீ ஏறிய பேருந்தின் பின்னாலேயே வந்த பேருந்தில் ஏறி, சிலிகி ரோட்டில் நீ இறங்கியதைப் பார்த்து, நானும் இறங்கினேன். முனையில் இருந்த கோப்பிக்கடையில் உன் சிநேகிதர்களோடு பளிங்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தாய். வாயில் சிகரெட். யூனிபாரத்தோடு நான் உள்ளே வந்ததும் உன் சிநேகிதன் ஒருவன் பழக்கதோஷத்தில் டிக்கெட்டை எடுத்து நீட்டினான். கடையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை.

“இங்க எதுக்குப்பா வந்தீங்க?”

“கோப்பி குடிக்க.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா? வேவு பாக்குறீங்க.”

“ஆமா. பாக்குறேன்.”

“நீங்க சுருட்டுப் பிடிக்கலாம், நான் பிடிக்கக் கூடாதா?”

என் சட்டைப் பையில் இருந்த சுருட்டை எடுத்து உன் எதிரிலேயே மேசைக்குக் கீழே இருந்த எச்சில் தொட்டியில் போட்டேன். கோப்பிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீயும் கையில் இருந்ததை அணைத்தாய். அன்றோடு நான் விட்டுவிட்டேன். நீ விட்டாயா என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. உன் சட்டைகளைத் துவைக்கப் போடும்முன் முகர்ந்து பார்ப்பேன். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, கட்டின பெண்டாட்டிகூட இப்படி மோப்பம் பிடிக்க மாட்டாள் என்றாள்.

இரண்டாவது தடவை நடந்ததைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. உன் அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. நீ முதல் தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்து வந்தால் தைப்பூசத்தில் உன்னைக் காவடி எடுக்கவைப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கேட்டேன். “பாரம் தூக்கினதால இது வாறேல்லை. எண்டாலும் இந்தப் பிள்ளையின்ர நெஞ்சில வேல் குத்த நான் சம்மதிக்க மாட்டன்” என்றார். கடைசியில் அவளே பால்குடம் எடுப்பது, நீ கூட நடந்து வருவது என்று முடிவாயிற்று. நடையாவது நடக்கட்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் லீவு போட்டுவிட்டு உனக்கு நாலடி பின்னால் நடந்தேன்.

சிராங்கூன் ரோட்டில் புறப்பட்டபோது நீ நன்றாகத்தான் இருந்தாய். கூட்டத்தில் தெரிந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தாய். அம்மாவுக்கு வெயில் படாமல் குடை பிடித்தாய். டோபி காட் வந்தபோது நின்றாய். குடையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினாய். ஊர்வலம் போய்ச் சேரும் டாங் ரோடு கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். முன்னால் மேளம், பின்னால் கூட்டம் நெருக்குகிறது, நீ மட்டும் நிற்கிறாய்.

“ஏன் நின்னுட்ட?” என்று கேட்டேன்.

“கால் சுடுதுப்பா.”

உன் அம்மா, “தார் ரோடு சுடத்தானே செய்யும், தண்ணி ஊத்துறாங்க பாரு, அங்க கொஞ்ச நேரம் நில்லு” என்றாள். நான் உன் காலைப் பார்த்தேன். சுடுகிற தரையில் நிற்பவன் பாதத்தை மாற்றி மாற்றி வைப்பான். நீ அசையாமல் நின்றாய். தோளை லேசாகச் சாய்த்து, மேலே மேலே சின்ன மூச்சாக விட்டுக்கொண்டிருந்தாய். எதிர்ப்பக்கக் கட்டடத்தின் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே ஒன்றுமே இல்லை.

“தியாகு, உன் முழுப் பேரையும் தாத்தா பேரையும் சேத்து ஒரே மூச்சுல சொல்லு.”

“எதுக்குப்பா இப்ப...”

“சொல்லுடா.”

உன் பெயரைச் சொன்னாய். தாத்தா பெயர் வருவதற்குள் மூச்சு வாங்கினாய். அவ்வளவுதான். உன் தோளை அணைத்துக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்தேன். உன் அம்மா தலையில் குடத்தோடு நடுரோட்டில் நின்றுகொண்டு, “எங்கே கூட்டிட்டுப் போறீங்க? கோயில் இதோ இருக்கு, முடிச்சிட்டுப் போகலாம். வேண்டுதலைப் பாதியில விட்டா பிள்ளைக்குத்தான் ஆகாது” என்று கத்தினாள். “நீ போயி முடி” என்று மட்டும் சொன்னேன். ஊர்வலத்துக்காகச் சாலையை மறித்திருந்ததால் ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் நடக்கவேண்டி வந்தது. டாக்சியில் ஏறியதும் நீ சொன்ன முதல் வார்த்தை, “காலையிலேயே லேசா வலிச்சுச்சுப்பா.” எனக்கு வந்த கோபத்தில் உன்னை அங்கேயே அடித்திருப்பேன். எந்தப் பக்கம் அடித்தால் ஆபத்து என்று தெரியாததால் விட்டேன்.

அந்தத் தடவை ஊசி போதவில்லை. விலாவுக்குள் ஒரு ரப்பர் குழாயைச் செலுத்தி, அதன் மறுமுனையைத் தரையில் இருந்த கண்ணாடிப் பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கும்படி வைத்தார்கள். நீ மூச்சு விட்டால் பாட்டிலில் குமிழி வரும். நெஞ்சில் இருக்கும் காற்று தண்ணீர் வழியாக வெளியே போகும், வெளிக்காற்று திரும்பி உள்ளே போகாது. எளிய ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பாட்டில் எப்போதும் கட்டிலுக்குக் கீழேயே இருக்க வேண்டும், மேலே தூக்கினால் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். நான் அந்தப் பாட்டிலுக்குக் காவல் இருந்தேன். யார் வந்தாலும் அவர்கள் காலைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலிலிருந்து விபூதியோடு நேரே வந்த உன் அம்மா, தரையில் அசிங்கமாகக் கிடக்கிறதே என்று அதை எடுத்து ஸ்டூல்மேல் வைக்கக் குனிந்தாள். “கையை எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். “குடத்தை நான் மட்டும்தான் கொண்டு போய் ஊத்துனேன். பிள்ளை எங்கேன்னு எல்லாரும் கேட்டாங்க. நீங்க எதையும் நம்ப மாட்டீங்க, சாமியைக்கூட” என்றாள். உன் கை கட்டிலிலிருந்து இறங்கி அவள் தலையைத் தடவியது. நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரியா தவறா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

நாலைந்து நாளில் அறுவை டாக்டர் வந்தார். நடுத்தர வயதுச் சீனர், அதிகம் பேசாதவர். நெஞ்சைத் திறந்து அந்தக் கொப்புளங்களை அகற்றிக் கட்டிவிட்டு, உள்பக்கம் ஒரு பவுடரைத் தூவப் போவதாகச் சொன்னார். பவுடர் உறுத்துவதால் உள்ளே புண்ணாகி, ஆறும்போது நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் இனி ஓட்டை விழுந்தாலும் சுருங்க இடம் இருக்காது. முகத்துக்குப் பூசுகிற பவுடரா என்று கேட்டேன். முகப் பவுடர் செய்கிற அதே மாக்கல்லை அரைத்ததுதான், கிருமி இல்லாமல் செய்தது என்றார். பிள்ளையின் நெஞ்சுக்குள் பவுடரைக் கொட்டிப் புண்ணாக்குவார்களாம், அதற்குப் பெயர் வைத்தியமாம். உனக்கு இருபத்தொன்று ஆகாததால் என் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் பேனாவைத் தொடவில்லை.

“ஒட்டிக்கிட்டா மூச்சு விட முடியுமா?”

“முடியும்.”

“செத்துப்போனவங்க உண்டா?”

“எந்த ஆபரேஷன்லயும் உண்டு.”

“உங்க மகனா இருந்தா செய்வீங்களா?”

அவர் மேசைமேல் இருந்த படத்தை மறுபடி பார்த்தார். “முதல் தடவையா இருந்தா செய்ய மாட்டேன். பொறுத்துப் பார்ப்பேன். ரெண்டாவது தடவை வந்துட்டா, மூணாவதும் வரும்னுதான் நான் நினைப்பேன். அப்ப அவன் பக்கத்தில யாரு இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. அதனால செய்வேன்” என்றார். என்னைத் திருப்திப்படுத்த அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. செத்துப்போவதும் உண்டு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த ஆள் ஜன்னலைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து வந்த நாட்களை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாய். “ஏன்பா கையெழுத்துப் போட்டீங்க?” என்று கேட்டாய். ஒரு தடவை அல்ல, காய்ச்சல் விடும் வரைக்கும் கேட்டாய். இதை உன்னிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வந்திருக்காது, நானே சொல்கிறேன். வார்டுக்கு வெளியே இருந்த குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுகிற மாதிரி நின்று நான் அழுதேன். பிறகு காய்ச்சல் விட்டது. குமிழிகள் குறைந்து, நின்றன. குழாயை எடுத்தார்கள். புதிய படத்தில் வலது பக்கக் கிளைகள் ஓரம் வரைக்கும் வந்திருந்தன. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் திரும்பச் சுருங்கவில்லை.

ஆனால் உனக்கு இடது பக்கமும் ஒன்று இருக்கிறது, தியாகு. அதில் யாரும் பவுடர் போடவில்லை. அங்கேயும் கொப்புளம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் குத்தி, மூச்சு குறைந்தால் அதை வாயு என்று நினைக்காதே, தசைப்பிடிப்பு என்று நினைக்காதே. ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுக்காதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. போனதும் முதல் வார்த்தையாக, முன்பு வலது பக்கம் இரண்டு தடவை சுருங்கியது, அறுவை செய்து ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று சொல். நீ சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? உன் தழும்பைப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடாதே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் இடுப்பளவுத் தண்ணீரோடு நின்றுகொள். ஆசிரியர் அறையில் யாராவது ஒன்றே ஒன்று என்று சிகரெட்டை நீட்டினால், அப்பா ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார் என்று நினைத்துக்கொள். நிற்கவும் கூடும்.

இனி சரோஜாவைப் பற்றி. பெண் கேட்டுப் பேச்சு நடந்தபோது உன் அம்மா இதையெல்லாம் மறைத்துவிடலாம் என்றாள். “சின்ன வயசுல சளி இருந்துச்சுன்னு சொன்னாப் போதும்” என்றாள். அதற்குள் சரோஜாவின் சித்தப்பா கெர்பாவ் ரோட்டு வீட்டுக்கார அம்மாவிடமே போய் விசாரித்திருக்கிறார். நேரே என்னிடம் வந்து, “மாப்பிள்ளைக்கு டிபியாமே?” என்றார். உன் எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அதை அவர் நம்பவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா அங்கே கேட்ட கேள்விகளைக் கேட்டு எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. இந்த மனிதர் எங்கள் டிப்போவில் இருக்க வேண்டியவர். ஆனால் அந்தக் குடும்பம் கடைசியில் சரி என்றதும் எனக்குப் புதிய சந்தேகம் வந்தது. எல்லாம் தெரிந்தும் படித்த ஒரு பெண், வேலையில் இருக்கிற பெண், ஏன் சம்மதிக்கிறாள்? அவளிடம் ஏதாவது குறை இருக்குமோ? அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் வழியாகப் போகும் பேருந்தில் ஒரு வாரம் டூட்டி கேட்டு வாங்கினேன். ஒன்றும் அகப்படவில்லை. டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருப்பாள்.

நேற்று, சனிக்கிழமை, நீ கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தபோது அவளே இங்கே வந்தாள். அம்மாவிடம் ரவிக்கை அளவு கேட்க வந்ததாகச் சொன்னாள். அளவைக் கேட்டுக்கொண்டு, அம்மா கோப்பி கலக்கப் போனதும் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, அவருக்கு வலிச்சா சொல்லுவாரா?”

“மாட்டான்மா.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடையில் பேசாமல், பாடம் எடுக்கப் போகிறவள் கேட்பது மாதிரி கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை.

“இன்னொண்ணு கேக்கணும் மாமா. எங்க ஸ்கூல் பக்கம் நீங்க வந்த வாரம், பஸ்ல டிக்கெட் பாத்துட்டு இறங்குனீங்கல்ல. இறங்கினதும் தூணைப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்க. நெஞ்சைத் தடவுனீங்க. நான் பின் சீட்டுல இருந்து பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். ஏன்?”

“வெயில்மா” என்றேன்.

“அன்னைக்கு மழை, மாமா.”

நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச மாதமாகவே இடது கையில் ஒரு கனம் இருக்கிறது, தியாகு. வேகமாக நடந்தால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது. உன் அம்மாவுக்குத் தெரியாது. கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். சரோஜா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை டாக்டர் கதவைத் திறக்கும்போது தான் வாசலில் நிற்பதாகவும், நான் வராவிட்டால் அன்றைக்கே உன்னிடம் சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டு, கோப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். அவள் சொல்லி உனக்குத் தெரியவேண்டாம் என்றுதான் நான் முந்திக்கொண்டேன். திங்கட்கிழமை போகிறேன். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே. நீயும் கூட வருவதானால் வா, ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா. துவைக்கப் போட்டிருக்கும் அந்த நீலச் சட்டையில் சிகரெட் வாசனை வருகிறது. உன் சிநேகிதன் பிடித்தது என்று சொல்வாய். சரோஜாவிடம் சொல்லிப் பார்.

அப்பா